வலது முன்சக்கரம்

மேலப்பாளையத்தில் அலி அக்பரின் வீடு இருக்கும் தெருவுக்குள் அந்தக் கார் நுழையாது. சாக்கடை வாறுகால் மூடிகள் அரை அடி மேலே எழும்பி நிற்கிற தெரு அது. மின்சாரத்தில் ஓடுகிற சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை அப்ரார் அவர் மகளோடு சாத்தான்குளத்திலிருந்து பெண் வீட்டு விருந்துக்கு வந்தபோது, வண்டியைத் தன் நூல் கிட்டங்கியில் விடச் சொல்லி அலி அக்பரே முன்னால் நடந்து போய் இரும்புக் கதவைத் திறந்து கொடுத்தார். சாவியை அவர் வாங்கவில்லை. ஆனாலும் வண்டி அந்த நிமிடமே அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. எங்கள் குடும்பங்களில் அது அப்படித்தான். வாசலுக்குள் வந்த பொருளுக்கு வீட்டுக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

கல்யாணம் முடிந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையும் மகள் அஃப்ராவும் அதே காரில் சென்னைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்கு, நாற்கரச் சாலைப் பக்கம் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பிய அப்ரார், வண்டியிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கினான்.

“மாமா, உங்க கிட்டங்கியில எலி கிடக்கா?”

அலி அக்பர் கதவைப் பிடித்தபடி நின்றார். ஆனி மாதக் காற்று புழுதியை அள்ளி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

“நாப்பது வருசமா நூலு போடுத இடம் மாப்ள. எலி கிடந்தா இங்கன யாவாரம் பண்ண முடியுமா?”

“இல்ல, வரும்போது ஒண்ணும் கிடையாது. இங்கன நிறுத்தின பிறகுதான் இப்படி. போர்டுல மஞ்சளா லைட்டு எரியுது. எலி வயரைக் கடிக்கும்னு சொல்லுதாங்கல்லா, அதான் கேட்டேன்.”

அவன் விகற்பமில்லாமல்தான் கேட்டான். அலி அக்பருக்கு அது அப்படி விழவில்லை. உன் வீட்டில் விட்ட பொருள் கெட்டுப்போயிற்று என்று வந்து விழுந்தது.

“அந்த லைட்டு என்ன சொல்லுது?”

“ஏபிஎஸ்ஸாம். பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும்லா? வழுக்காம விட்டு விட்டுப் பிடிக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அது இப்ப வேலை செய்யாது. சாதா பிரேக் பிடிக்கத்தான் செய்யுது. கம்பெனிக்குப் போன் போட்டேன். லாரி அனுப்பித் தூக்கிட்டுப் போக மூணு நாளாம். நான் நாளைக் காலையில சென்னையில இருக்கணும் மாமா. எரிஞ்சா எரியட்டும், நாங்க கிளம்புதோம்.”

“லைட்டு அணையாம வண்டி இங்கேருந்து போகாது மாப்ள,” என்றார் அலி அக்பர். குரலை உயர்த்தவில்லை. “வண்ணார்பேட்டையில ஒரு பையன் இருக்கான். கோயமுத்தூர்ல கரண்டு வண்டி செய்யுத கம்பெனியில ஆறு வருசம் இருந்துட்டு வந்தவன். வரச் சொல்லுதேன்.”

மெர்வின் சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையோடு பதினொன்றரைக்கு வந்தான். முப்பத்தைந்து வயது. காரைப் பார்த்ததும் ஒரு முறை சுற்றி வந்தான்.

“பாய், இதை நான் போன்லதான் பாத்திருக்கேன். தொடுததுக்கு முந்தி கையக் கழுவிக்கிடுதேன்.”

“விளையாட்டு இருக்கட்டும். ஒரு மணிக்குள்ள முடியுமா?”

“என்னன்னு தெரியாம எப்படிப் பாய் சொல்ல?” சட்டையைக் கழற்றி நூல் பொதி மேல் மடித்து வைத்துவிட்டுப் பனியனோடு குனிந்தான். முதலில் பிரேக் ஆயில் பார்த்தான். மட்டம் சரியாக இருந்தது. பெரிய பாட்டரி வேறு, விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்டு கொடுக்கிற சின்னப் பாட்டரி வேறு என்று சொல்லிச் சின்னதை மீட்டர் வைத்து அளந்தான். “இது பலங் குறைஞ்சாலே சும்மா நாலு லைட்டு போடும். இது நல்லா இருக்கு.” ஃபியூஸ் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினான். சிலேட்டு மாதிரி ஒரு திரையில் எழுத்துகள் ஓடின.

“வலது முன்சக்கரம்,” என்றான். “ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார் உண்டு பாய். எவ்வளவு வேகமா சுத்துதுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். நாலுல ஒண்ணு பேச்சை நிறுத்திட்டா, மூளை நமக்கு எதுக்கு வம்புன்னு ஏபிஎஸ்ஸையே அணைச்சு வச்சிரும்.”

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தானா இழுத்துப் பிடிக்குமே, அதுவும் இல்ல இப்ப,” என்றான் அப்ரார்.

“அதையும் சேத்துத்தான் அணைச்சிருக்கும். ஏறுங்க சார், பைய ஒரு வட்டம் போடுவோம்.”

கிட்டங்கி முற்றத்தில் கார் சத்தமில்லாமல் வட்டம் சுற்றியது. மெர்வின் பக்கத்து இருக்கையில் திரையை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் படித்தான். நேரே போனால் நாலும் ஒன்றுபோல் பதினைந்து. வலப்பக்கம் ஒடித்தாலும் நாலும் ஓடின. இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் மூன்று ஓடின, ஒன்று சைபர்.

“இன்னொரு தடவை ஒடிங்க சார்.” மறுபடியும் சைபர். மெர்வின் இறங்கினான். “சென்சார் சாகல. சக்கரம் திரும்புதப்போ எதுவோ வயரைப் பிடிச்சு இழுக்கு. கழத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“எலி கடிச்சிருந்தா?”

“கடிச்சிருந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் வராதுல்லா சார்.”

அப்ரார் கைபேசியில் மணி பார்த்தான். மதியத் தொழுகைக்கு, லுஹருக்கு, பாங்கு சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து மனைவி நஃபீஸத் போன் செய்தாள்: மாப்பிள்ளையைத் தொழுதுவிட்டுச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள், நெய்ச்சோறு ஆறுகிறது. மாப்பிள்ளை சாப்பிடும்போது மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து இலையைக் கவனிப்பது வழக்கம். அலி அக்பர் அதை அன்று விட்டார். “நீங்க தொழுதுட்டு வீட்டுக்குப் போங்க மாப்ள. நான் வண்டியோட இருக்கேன். பிறகு தொழுதுக்கிடுதேன்,” என்றார்.

மெர்வின் காரின் அடியில் தலையை நீட்டி, ஜாக்கி வைக்கிற இடத்தை விரலால் தடவித் தேடினான். “அடியில பூரா பாட்டரிதான் பாய். கண்ட இடத்துல ஜாக்கி வச்சா தொலைஞ்சுது.” ரப்பர் கட்டை கொடுத்துத் தூக்கினான். சக்கரம் கழன்றது. உள்ளே டார்ச் அடித்தவன் அதை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

“பாய். இங்கன குனிஞ்சு பாருங்க.”

அலி அக்பருக்கு அறுபத்தேழு வயது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். சக்கரத்துக்குப் பின்னால் வருகிற மெல்லிய கறுப்பு வயரையும், ஸ்பிரிங்கைத் தாங்குகிற இரும்புக் கம்பியையும் சேர்த்துப் பச்சை நூல் ஒன்று இறுகக் கட்டியிருந்தது. நூலில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு செப்புக் குழாய்.

தாயத்து.

சம்பந்தம் பேசிய நாளில் மாப்பிள்ளையின் வாப்பா முஹ்சின் ஹாஜியார் சொன்னதை ஊரே அறியும். நகை வேண்டாம், சீர் வேண்டாம், பெண்ணை அனுப்பினால் போதும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தாயத்து, தகடு, கயிறு என்று எதுவும் அந்த வீட்டிலிருந்து தங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. படைத்தவன் ஒருவனைத் தவிர வேறொன்றிடம் காவல் கேட்பது தங்கள் வீட்டில் கிடையாது. அலி அக்பர் பத்துப் பேர் முன்னிலையில், “எங்க வீட்லயும் கிடையாது. இது என் சொல்லு,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து இல்லை.

மெர்வின் டார்ச்சைப் பிடித்தபடி இருந்தான். “இடது பக்கம் ஒடிக்கும்போது வயரு நீளணும். இந்தக் கட்டு விடமாட்டேங்கு. இழுத்து இழுத்துச் சொருகுற இடமே பாதி வெளிய வந்துட்டு. சாதா முடிச்சா இருந்தா முதல் திருப்பத்துலயே நழுவி விழுந்திருக்கும். இது என்ன முடிச்சோ, இழுக்க இழுக்க இறுகுது.”

அது என்ன முடிச்சு என்று அலி அக்பருக்குத் தெரியும். தறியில் பாவு நூல் அறுந்தால் போடுகிற முடிச்சு. நூலும் அவர் கிட்டங்கி நூல்தான், ஆறு இழை சேர்த்து முறுக்கியது. அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர்கள் அவர் வீட்டில் இரண்டே பேர். நஃபீஸத் காகிதக் கடைக்காரர் வீட்டுப் பெண், அவளுக்கு வராது. ஏழு வயதில் பொதி மேல் உட்கார்ந்து அவரிடம் அதைக் கற்றுக்கொண்டவள் அஃப்ரா.

“தம்பி, இதை அறுத்துட்டு எலின்னு சொல்லிரும்,” என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாற்பது வருடமாக எலி இல்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன கிட்டங்கி.

மெர்வின் அவரை நிமிர்ந்து பார்த்தான். “சொல்லுதேன் பாய். எனக்கென்ன. ஆனா ஒரு காரியம். இது பிரேக்கு சமாச்சாரம். ஒரு சக்கரத்துல கட்டினவங்க நாலுலயும் கட்டியிருந்தா? இன்னைக்கு இது பிடுங்கிட்டு, நாளைக்குப் பின்சக்கரத்து வயரு அறும். உங்க பிள்ளை வண்டியில இருக்கப்போ அறும். கட்டினது எத்தனைன்னு கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் சக்கரத்த மாட்ட மாட்டேன்.”

“எனக்குச் சட்டம் சொல்லுதியா வே?”

“சட்டம் இல்ல பாய். நாலையும் கழத்த எனக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். அவரு அதுவரைக்கும் இருக்க மாட்டாரு, கிளம்பிருவாரு. அதான் சொல்லுதேன்.”

அலி அக்பர் நூலைத் தானே கத்தரித்து, தாயத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்தவர்கள் சலாம் சொன்னார்கள். வழக்கம்போல் நிறுத்திப் பதில் சொன்னார்.

அப்ரார் பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. அடுக்களையில் ஆட்டுக்கறி ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. சென்னைக்குக் கொடுத்துவிட நஃபீஸத் ஊறுகாய் ஜாடிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அஃப்ரா இனிப்பு வட்டிலப்பத்தைக் கிண்ணங்களில் வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை விரித்தார்.

அஃப்ரா கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணா, நாலா?”

“ஒண்ணுதான் வாப்பா.”

“உண்மையைச் சொல்லணும். பிரேக்கு அது.”

“அல்லா மேல ஆணையா ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை நீங்கள்லாம் ஜும்மாவுக்குப் போயிருந்தப்போ கட்டினேன். முன்சக்கரம் திரும்பி நின்னுச்சு, அந்தப் பக்கம்தான் கை உள்ள போச்சு. அது என்ன வயருன்னு எனக்குத் தெரியாது.”

நஃபீஸத் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “ஓதி வாங்கிட்டு வந்தது நான். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய.”

“நான் பத்துப் பேருக்கு முன்னால சொல்லு குடுத்துட்டு வந்திருக்கேன்.”

“உங்க சொல்லு உங்களுக்குப் பெரிசு. எம்பிள்ள உசுரு எனக்குப் பெரிசு.”

“என்ன உசுரு? யாரு இப்ப அவ உசுர எடுக்குதா?”

நஃபீஸத் மகளைப் பார்த்தாள். அஃப்ரா முந்தானையின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போன வாரம் கோவில்பட்டி தாண்டி நூத்தி எழுவதுல போனாங்க வாப்பா. சத்தமே கேக்காது அந்த வண்டியில. மரமெல்லாம் கோடு மாதிரி போவுது. பைய போங்கன்னேன். சிரிச்சாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். அதைப் போன்ல எடுத்துக் கூட்டாளிமாருக்கு அனுப்பி வச்சாங்க. எல்லாரும் சிரிச்சு சிரிச்சு எழுதியிருந்தாங்க. நான் சண்ட போடல. ரெண்டாவது தடவையும் சொன்னேன். ரெண்டாவது தடவையும் சிரிச்சாங்க.”

“என்ட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன சொல்லுவிய வாப்பா? மாப்ளைய அப்படிப் பேசப்படாதும்பிய.”

அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அடுப்பில் ஆணம் பொங்கி வழிந்தது. நஃபீஸத் கூட அதைப் பார்க்கவில்லை. அலி அக்பர் கையை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

“ஒண்ணுதானாம்,” என்றார் மெர்வினிடம்.

மெர்வின் சொருகுகிற இடத்தைப் பிரித்து, புழுதியை ஊதித் துடைத்து, உள்ளே நெகிழ்ந்திருந்த இரண்டு ஊசிகளையும் நேராக்கிச் சொருகினான். ஸ்கேனரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வயரை அங்குலம் அங்குலமாக அசைத்தான். உள்ளே எங்கும் அறவில்லை. பூட்டுகிற சின்னக் கொண்டி மட்டும் உடைந்திருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினான். “சென்னை போய்ச் சேந்ததும் கம்பெனியில இதை மாத்தச் சொல்லணும். இப்போதைக்குத் தாங்கும்.” சக்கரத்தை மாட்டினான். இருந்தாலும் மற்ற மூன்று சக்கரங்களுக்குப் பின்னாலும் கழற்றாமலே எட்டின மட்டும் டார்ச் அடித்து, கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒன்றும் இல்லை.

அப்ரார் சாப்பிட்டுவிட்டு வந்தான். மெர்வின் அவனோடு ஏறிப் புறவழிச் சாலை வரைக்கும் போய் வந்தான். விளக்கு அணைந்தது, அணைந்தே இருந்தது.

“என்னதான் கோளாறு? எலியா?” என்று அப்ரார் கேட்டான்.

மெர்வின் சட்டையை எடுத்து உதறினான். “பாய் சொல்லுவாங்க சார்.”

“பிறகு சொல்லுதேன் மாப்ள. முதல்ல என்னை ஒரு தடவ அதுல கூட்டிட்டுப் போங்க.”

“நீங்களா மாமா?” அப்ராருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்தொரு நாளில் மாமனார் அந்தக் காரைத் தொட்டதுகூட இல்லை.

“எம்பொண்ணு உக்காருத இடத்துல நான் உக்காந்து பாக்கணும்.”

தாழ்ந்த இருக்கைக்குள் இறங்குவது சிரமமாக இருந்தது. மெர்வின் கை கொடுக்க வந்தான். அலி அக்பர் வாங்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அதுவரைக்கும் கார் மற்ற வண்டிகளைப் போலத்தான் போயிற்று. நாற்கரச் சாலையில் ஏறியதும் அப்ரார், “பிடிச்சுக்கிடுங்க மாமா,” என்றான்.

என்ஜின் உறுமவில்லை. முதுகில் யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்தது, அவ்வளவுதான். தலை பின்னால் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. அரளிச் செடிகள் ஒரே வெள்ளைக் கோடாயின. முன்னால் தூரத்தில் போன வைக்கோல் லாரி சட்டென்று பக்கத்தில் வந்து பின்னால் போயிற்று. காற்று மட்டும் கண்ணாடியில் ஊளையிட்டது. நூற்று முப்பது, நூற்று ஐம்பது என்று எண் ஏறுவதை அவர் பார்த்தார். பிறகு பார்க்க முடியவில்லை. கண்ணை மூடியிருந்தார் என்பது பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாய் தன்னால் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது.

“இப்ப பிரேக்கு பாருங்க.”

கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்ரார் ஓங்கி மிதித்தான். காலடியில் தகரத்தைத் தட்டுவது போலத் தடதடவென்று அதிர்ந்தது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. கார் இம்மி கூட விலகாமல் கோடு போட்டது போல நின்றது. விளக்கு எதுவும் எரியவில்லை. அப்ரார் ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“சூப்பரா வேலை செய்யுது. பயந்துட்டீங்களா மாமா?”

அலி அக்பரிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி அவர் வைத்துக்கொண்டதில்லை. கலவர நாட்களில் கிட்டங்கி வாசலில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

“ஆமா,” என்றார். “பயந்துட்டேன்.”

அப்ராரின் சிரிப்பு பாதியில் நின்றது.

அலி அக்பர் கையை விரித்துக் காட்டினார். “சக்கரத்துல இருந்தது இதுதான். எலி இல்ல. என் வீட்ல கட்டினது. உங்க வாப்பாவுக்கு நான் குடுத்த சொல்லு தவறிட்டு.”

“யாரு? அஃப்ராவா?” அவன் முகம் இறுகியது. “வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு அவளுக்குத் தெரியாதா? சே. என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னாளாம். ரெண்டு தடவ. நீங்க சிரிச்சியளாம். அவ கண்ண மூடிக்கிட்டு இருக்கதைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினியளாம்.”

அப்ரார் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “அது சும்மா விளையாட்டுக்கு மாமா.”

“நானும் இப்பக் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். எடுத்திருந்தா அனுப்புங்க.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. சின்னக் கார் அதன் காற்றில் ஆடியது. அலி அக்பர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

“யாருக்கு மாமா?”

“உங்க வாப்பாவுக்கு.”

“வேண்டாம் மாமா. நமக்குள்ள இருக்கட்டும். நான் அவள ஒண்ணும் சொல்லல. வாப்பாட்ட நான் பிறகு பக்குவமா சொல்லிக்கிடுதேன்.”

“சொல்லு குடுத்தது நான் மாப்ள. தவறிட்டுன்னு சொல்லவேண்டியதும் நான்தான்.”

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். அலி அக்பர் சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார். அதன் பிறகு ஒன்றையும் கூட்டாமல் ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். தாயத்து என்றார், தன் மகள் கட்டினாள் என்றார், அதனால் பிரேக் விளக்கு எரிந்தது, சரிசெய்தாயிற்று என்றார், எதற்காகக் கட்டினாள் என்றும் சொன்னார். கடைசியில் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான்.



“தாயத்துப் பேச்சு சின்னப் பேச்சு இல்ல சம்பந்தி,” என்றார் முஹ்சின் ஹாஜியார். குரல் கார் முழுவதும் கேட்டது. “அதை நாம நேர்ல உக்காந்து பேசணும். பேசுவோம். இப்ப ஒண்ணு சொல்லுங்க. நூத்தி எழுவதா போனான்?”

“பிள்ள அப்படித்தான் சொன்னா.”

“இப்ப உங்கள வச்சுக்கிட்டு?”

அலி அக்பர் மருமகனைப் பார்க்கவில்லை. “நூத்தம்பது வரைக்கும் பாத்தேன். அதுக்கு மேல நான் பாக்கல.”

“போனை அவன்ட்டக் குடுங்க.”

அப்ரார் வாங்கிக் காதில் வைத்தான். “ஆமா வாப்பா,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல வாப்பா,” என்றான். காது மடல் சிவந்தது.

அலி அக்பர் கதவைத் திறந்து, மேற்கூரையைப் பிடித்து, யார் உதவியும் இல்லாமல் எழுந்து வெளியே நின்றார். ஒரு தகப்பன் மகனைக் கண்டிப்பதை இன்னொரு வீட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. கதவைச் சாத்தினார். சாலையோரமாகக் கொஞ்ச தூரம், குரல் கேட்காத தூரம் நடந்தார். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. மேற்கே மலையில் மேகம் கட்டியிருந்தது. மழையாக இங்கே வராது, சாரல் மணம் மட்டும் வந்தது. காருக்கு முதுகைக் காட்டியபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை பேசி முடிக்கட்டும் என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.